தாமோதரனும் சாமுவேலும் ஒரே ஆள்

1

ஜூன் மாதக் கடைசியில், பொழுது சாய்ந்தும் வெளிச்சம் போகாத ஒரு மாலையில், டென்மார்க்கில் கடற்கரைதோறும் பெரிய நெருப்பு மூட்டுவார்கள். நம் ஊரில் கார்த்திகைக்குக் கொளுத்தும் சொக்கப்பனைதான் எனக்கு ஒவ்வொரு வருடமும் நினைவுக்கு வரும். வெட்டிய கிளைகளையும் பழைய வேலிக்கட்டைகளையும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, உச்சியில் வைக்கோலில் செய்த ஒரு சூனியக்காரியை உட்கார வைத்துக் கொளுத்துவார்கள். அந்த நாளுக்கு யோவான் ஸ்நானகனின் பெயர். எங்கள் சபையின் போதகர் அம்மாதான் இந்த வருடம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று பேசினார். பேசி முடித்ததும் எல்லோரும் பாடினார்கள். பிள்ளைகள் குச்சியில் மாவைச் சுற்றி ரொட்டி சுட்டார்கள்.

அன்று காலை ஆரணியில் என் தங்கை மகள் ஹேமாவுக்குக் கல்யாணம். ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். நான் தாய்மாமன். நான் அங்கே இல்லை.

பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் கடற்கரைக்குப் போயிருந்தேன். போதகர் அம்மா என்னிடம் ஒரு ரொட்டிக் குச்சியை நீட்டினார். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"இந்த நெருப்பு கிறிஸ்துவுக்கு முந்தைய வழக்கம்தானே?"

"ஆமாம். நெருப்பு எங்களுக்கு முன்னாலேயே இருந்தது. யோவானைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டோம்" என்று சிரித்தார்.

"யாருக்கும் மனம் உறுத்தவில்லையா?"

"எதற்கு உறுத்த வேண்டும்? இது எங்கள் தாத்தாமார் கொளுத்திய நெருப்பு."

என் முகம் எப்படிப் போயிற்றோ, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். புகை, கண்ணில் பட்டுவிட்டது என்றேன். கிறிஸ்துமஸில் இவர்கள் கைகோத்து மரத்தைச் சுற்றி ஆடும்போது நானும் பதினெட்டு வருடமாகச் சேர்ந்து ஆடியிருக்கிறேன். அந்த ஆட்டமும் பழையதுதான், யாரும் மறைப்பதில்லை. இவர்கள் தங்கள் முன்னோரோடு கிறிஸ்துவின் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள். நான் மட்டும் என்னுடையவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். உள்ளே போனதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வெளியே நின்றது யார் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

2

ஆரணியில் எங்கள் அப்பா தறிக்காரர். நான் பத்தாவது படிக்கும்போது போய்விட்டார். அம்மா அதற்கு நான்கு வருடம் கழித்து. அதற்குப் பிறகு நானும் தங்கை மல்லிகாவும்தான். டிப்ளமோ முடித்து ஓர் அரிசி ஆலையில் மின்சார வேலை பார்த்தேன். அங்கே சேர்த்ததை வைத்து அவளுக்கு நானே மாப்பிள்ளை பார்த்தேன். குமரேசன். வீட்டில் இரண்டு தறி, மாமனார், மாமியார், பட்டுச் சேலை நெய்யும் குடும்பம். தாரை வார்க்க அப்பா இல்லாததால் அந்த இடத்திலும் நான்தான் நின்றேன். மல்லிகாவுக்குத் தாய்வீடு என்று ஒன்று இருந்தால் அது நான் ஒருவன்.

அடுத்த வருடம் வேலூரில் வேலை கிடைத்துப் போனேன். போன மூன்றாம் மாதம் டைபாய்டு. நினைவு தப்பிக் கிடந்த நாட்களில், பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே பதினோரு நாள் உட்கார்ந்திருந்தார். என் வாந்தியை அவர் துடைத்தார். மதம் மாறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. தம் இயேசுவைப் பற்றி அவர் சொன்ன பதில் என்னை மாற்றிவிட்டது. அதில் எனக்கு எப்போதும் மறுயோசனை வந்ததில்லை. எட்டு மாதம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தேன். தாமோதரன் சாமுவேல் ஆனேன். அரசிதழில் பெயர் மாற்றி, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

மல்லிகாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "உனுக்கு உயிர் குடுத்த சாமி, கும்பிட்டுக்க. நான் உனுக்குத் தங்கச்சிதான?" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஹேமா பிறந்து ஒரு வயது முடிந்ததும் குடும்ப வழக்கப்படி படவேட்டு அம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மல்லிகா பஸ் ஏறி வேலூருக்கே வந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"நீ சாமி கும்பிட வாணாம். குங்குமம் வெக்க வாணாம். கோயில் உள்ள கூட வர வாணாம், வெளிய மண்டபத்துலதான் குத்துறாங்க. கொழந்தைய மடியில வெச்சிகினு ரெண்டு நிமிஷம் ஒக்காரு. அவ்ளோதான்."

"முடியாது மல்லிகா. இது விசுவாச விஷயம்."

"மடியில ஒக்கார வெக்கறதுல இன்னா விசுவாசம்?"

"ஒனக்குப் புரியாது."

குழந்தை அந்த நேரம் என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் அதன் விரலை விலக்கினேன். வேலூர்ச் சபைப் போதகரிடம் நான் போய் அனுமதி கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கேட்டிருந்தால், போய்விட்டு வா என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை.

ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கி, குழந்தைக்குப் போடச் சொல்லி ஆள்மூலம் அனுப்பினேன். காது குத்து முடிந்த மறுவாரம் குமரேசன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"இது வாங்கி அனுப்பற சாமான் இல்ல மச்சான். ஒக்காந்து போடறது" என்றார்.

யார் மடியில் வைத்துக் குத்தினீர்கள் என்று கேட்டேன்.

"பங்காளி வூட்டுப் பையன் ஒருத்தன் நான் ஒக்கார்றன்னான். இவ ஒத்துக்கல. எங்கண்ணன் எடம் காலியாவே இருக்கட்டும்னு சொல்லிட்டு அவளே ஒக்காந்துகினா. எங்கம்மா கோயில்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க, அண்ணன் செத்தாப் பூட்டான்னு. நான் இன்னா பண்றது? ஜல்தியா முடிச்சிட்டுக் கெளம்பிட்டம்."

அந்த ஞாயிறு சபையில் நான் சாட்சி சொன்னேன். இரத்த உறவு வந்து அழைத்தும் விக்கிரகத்தின் வாசலுக்குப் போகாமல் நின்றேன் என்று. எல்லோரும் ஸ்தோத்திரம் என்று குரல் எழுப்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் தங்கை ஊர் முன்னால் பட்ட அவமானத்தை எடுத்துப் போய் நான் அங்கே கைதட்டல் வாங்கினேன்.

3

இரண்டு வருடத்தில் எஸ்தரைக் கட்டினேன். அவள் வீட்டில் ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எங்கள் கல்யாணத்தில் தாலி இருந்தது. எஸ்தரின் தாய்மாமன் ஆரணிப் பட்டு எடுத்து, தட்டில் வைத்து, பீடத்துக்கு முன்னாலேயே அவள் கையில் கொடுத்தார். போதகர் அந்தத் தட்டின் மேல் கைவைத்து ஜெபித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து தலைமுறைக்காரர்களுக்கு யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லை. வெம்பாக்கம் பக்கத்தில் அவள் உறவுக்காரர்கள் தங்கள் கிறிஸ்தவக் கோயில் முற்றத்திலேயே பொங்கல் வைப்பார்கள். நேற்று வந்தவன் நான்தான் ஒவ்வொன்றாக அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மல்லிகாவை அந்தக் கல்யாணத்துக்கு அழைத்தேன். வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தாள். அவளுக்குக் கோயிலின் வாசல் ஒரு தடையாக இருக்கவில்லை.

பிறகு காற்றாலை இறக்கை செய்யும் கம்பெனியில் சேர்ந்து, சென்னைப் பக்கத்திலிருந்து இங்கே மாற்றலாகி வந்தோம். மூன்று வருடம் என்று வந்தது பதினெட்டு ஆகிவிட்டது. காலை ஆறரைக்கு வேலை. மூன்றுக்கு வீடு. மழையில் சைக்கிள். வெள்ளிக்கிழமை வாரச்சந்தையில் மீன். ஞாயிறு கோயிலில் எங்களோடு சேர்த்துப் பதினைந்து பேர், மற்ற எல்லோருக்கும் எழுபது வயதுக்கு மேல். ஆரணிக்குப் போனதில்லை, மல்லிகாவுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் செய்வேன். நல்லா இருக்கிறியா, நல்லா இருக்கிறன், கொழந்த எப்டி, நல்லா இருக்குது. ஹேமா பெரியவளானபோது எனக்குச் சொல்லவில்லை. தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டிய சடங்கு அது. கேட்டு மறுபடியும் இல்லை என்று வாங்க அவள் விரும்பவில்லை. ஆறு மாதம் கழித்து வேறு பேச்சில் தெரிந்தது.

எங்கள் மகள் ரேச்சல் இங்கேயே வளர்ந்தாள். சின்ன வயதில் ஒரு நாள், "தாய்மாமான்னா தாய்லாந்து மாமாவா அப்பா?" என்று கேட்டாள். எஸ்தருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. டேனிஷில் அதற்கு அம்மா, சகோதரன் என்ற இரண்டு சொல்லையும் ஒட்டிய ஒரு வார்த்தை உண்டு. அதைச் சொல்லி விளங்க வைத்தேன். "அவர் என்ன செய்வார்?" என்றாள். "பிறந்தநாளுக்கு வந்து கேக் சாப்பிடுவாரா?"  பன்னிரண்டு வயதில் ஒரு சனிக்கிழமை சிநேகிதிகளோடு கடைக்குப் போய், நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, மெஷின் வைத்துக் காது குத்திக்கொண்டு வந்து நின்றாள். வலித்ததா என்று மட்டும் கேட்டேன்.

இப்போது அவளுக்கு இருபது. கோயிலுக்கு வருவதில்லை. சண்டை எதுவும் இல்லை. "உங்களுக்கு அது வேணும்ப்பா, எனக்கு வேணாம்" என்கிறாள். நான் என் ஊரிடம் சொன்ன அதே தெளிவோடு சொல்கிறாள்.

4

இந்த வருடம் மார்ச்சில் மல்லிகாவே போன் செய்தாள்.

"ஹேமாவுக்கு முடிவாயிடிச்சி. போளூர் மாப்ள. ஆனியில கல்யாணம். பத்திரிகையில தாய்மாமன்னு உம்பேரு போட்டுகிறன். தாமோதரன்னுதான். வேற பேரு போட்டா இங்க யாருக்கும் தெரியாது. கோச்சிக்காத."

"கோவம் இல்ல. போடு."

"வந்தா மேடையில நிக்கணும். மாலய நீதான் எடுத்துக் குடுக்கணும். அய்யரு மந்திரம் சொல்லுவாரு, ஓமம் இருக்கும். முடியும்னா வா. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, கடைசியில பேஜார் பண்ணாத."

"வரேன் மல்லிகா. நிக்கறேன்."

 "சரி" என்று வைத்துவிட்டாள்.

எஸ்தரிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இருபத்து மூணு வருஷம் கழிச்சு சரின்னு சொல்றீங்க. அன்னைக்கு மட்டும் ஏன் தப்பாச்சு?" என்றாள். குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று நான் போயிருந்தால் என் விசுவாசம் செத்திருக்காது என்று இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. இப்படிச் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

இங்கே வசிக்க நமக்கு ஓர் அட்டை உண்டு. அதைப் புதுப்பிக்கப் போட்டிருந்தேன். அது கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. எப்போதும் நாலு வாரத்தில் வந்துவிடும். இந்த முறை பிறப்புச் சான்றும் கேட்டார்கள். அனுப்பினேன். அதில் கே. தாமோதரன். பாஸ்போர்ட்டில் சாமுவேல். அரசிதழ்ப் பக்கம் எத்தனையோ வீடு மாறியதில் தொலைந்துபோயிருந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த இருவரும் ஒரே நபர் என்று உங்கள் இரத்த உறவினர் யாராவது சத்தியப் பிரமாணம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வோம்" என்றார்.

எனக்கு இரத்த உறவு என்று இருப்பது ஒருத்திதான்.

போன் செய்து விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு நான் சத்தியம் பண்ணணுமா?"

"ஆமாம்மா."

"எனுக்கே நிச்சயமாத் தெரியல. ஆனா பண்றன்."

பத்திரிகை வைக்க அலைந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு நாளை ஒதுக்கி, ஹேமாவைக் கூட்டிக்கொண்டு நோட்டரி வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளின் படம் முதலில் போனில் வந்தது. கே. தாமோதரன் என்பவரும் சாமுவேல் என்பவரும் என் உடன்பிறந்த அண்ணனாகிய ஒரே நபரே என்று உறுதி கூறுகிறேன். கீழே அவள் பள்ளிக்கூடத்தில் போட்ட அதே கோணல் கையெழுத்து. சமையலறையில் நின்றபடி அதை நாலைந்து முறை படித்தேன்.

தாளைக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பு கேட்டார்கள். அதையும் கொடுத்தேன். அட்டை இல்லாமல் போய்த் திரும்ப ஓர் இடைக்கால அனுமதி உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம், அதற்கும் இதே வரிசை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, இனி வராது என்று உறுதியானது. மல்லிகாவுக்குச் சொன்னேன். நடந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"அன்னிக்கி சாமி. இன்னிக்கி காகிதம்" என்றாள். போன் நின்றுவிட்டது.

அவள் என்னை நம்பவில்லை என்று முதலில் நினைத்தேன். பிறகு நானே யோசித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு பெயர் இல்லாதிருந்தால் அந்தக் காகிதம் நின்றிருக்காது. அன்றைய சாமியும் இன்றைய காகிதமும் ஒன்றுதான், அவள் சொன்னது சரி.

5

அட்டை கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள் தபாலில் வந்தது. ஜூலைக் கடைசியில் நான் மட்டும் புறப்பட்டேன். வேலூரிலிருந்து பஸ். ஆரணியில் இறங்கும்போது ஆடி வெள்ளி, தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. மல்லிகா வீட்டில் கைத்தறி இருந்த இடத்தில் இப்போது நாலு விசைத்தறி. வாசலுக்கு வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டிருந்தது.

"வாங்கண்ணா. பிரயாணம் நல்லா இருந்திச்சிங்களா?"

எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவள் என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஜூன் வரைக்கும் நீதான்.

"உக்காருங்க. தண்ணி கொண்டாரன்."

ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த ஹேமா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. "நீங்கதான் டென்மார்க் மாமாவா? போட்டோவுல இன்னும் ஒல்லியா இருந்தீங்க" என்று சிரித்து, சட்டென்று காலில் விழுந்தாள். அவள் தலையில் கைவைத்தேன். வாயில் நல்லா இரும்மா என்று வந்தது. மற்றதை மனதுக்குள் என் ஆண்டவரிடம் சொன்னேன். அவள் நிமிரும்போது காதில் ஜிமிக்கி ஆடியது.

குமரேசன் தறியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"நல்லா ஆச்சி மச்சான். தாய்மாமன் வந்து மாலய எடுத்துக் குடுக்கலாம்னு அய்யரு மைக்லயே கூப்ட்டுட்டாரு. நான் எங்க சித்தப்பா பையனப் பாத்தன். அதுக்குள்ள இவளே எழுந்து போய் எடுத்துக் குடுத்துட்டா. சபையில ஒரு பேச்சு இல்ல."

மல்லிகா அதைக் கேட்காதவள் போல உள்ளே போனாள்.

மத்தியானம் பூஜை முடித்து இலை போட்டார்கள். சாமி படத்தின் முன்னால் படைத்திருந்த பொங்கலை எடுத்து ஹேமாவுக்கும் குமரேசனுக்கும் வைத்தாள். என் இலைக்கு வந்ததும் உள்ளே போய், மூடி வைத்திருந்த வேறொரு சின்னப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள்.

"இது படைக்காததுங்க. காலையிலயே தனி அடுப்புல வெச்சி, பூஜைக்கி முன்னாடியே எடுத்து வெச்சிட்டன். நீங்க சாப்பிடலாம்."

நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், என் கட்டுப்பாடு எது என்று அவளே யோசித்து, ஆடி வெள்ளி வேலைகளுக்கு நடுவே எனக்கென்று ஒரு பொங்கல் பொங்கியிருக்கிறாள். 

"படைச்சதையே எனக்கும் போடு மல்லிகா. எனக்கு ஒண்ணும் இல்ல."

கரண்டியோடு நின்றாள். "ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. போடு."

"ஒண்ணும் இல்லன்னா அன்னிக்கி ஏன் வரல நீ?"

குமரேசன் சாப்பிடுவதை நிறுத்தினார். அவள் குரல் உயரவில்லை.

"எங்க மாமியார் சாவற வரைக்கும் கேட்டுகினே இருந்தாங்க, உங்கண்ணனுக்கு இன்னாடி நம்ம மேல கோவம்னு. கோவம் இல்ல அத்த, அது அவன் சாமி விஷயம், அவனுக்கு அது உயிரு, நம்மளால புரிஞ்சிக்க முடியாதுன்னு சொல்லிகினே வந்தன். அப்டி நெனச்சித்தான் தாங்கிக்கினன். நீ இப்ப வந்து ஒண்ணும் இல்லன்னா, நான் இன்னாத்துக்குண்ணா அங்க ஒத்தையில ஒக்காந்தன்?"

 

அவள் குனிந்து, சின்னப் பாத்திரத்திலிருந்த பொங்கலை என் இலையில் வைத்தாள். மேலே நெய் விட்டாள். நான் சாப்பிட்டேன். கையும் வாயும் மட்டும் வேலை செய்தன. ஹேமா ஏதோ போளூர்க் கதை சொல்லத் தொடங்கினாள். இலை காலியாகிக்கொண்டிருந்ததை மல்லிகா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் என்னிடம் வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்றாள்.